மூலை ஹார்ன் ஸ்பீக்கரும் ஒடுக்கமான அறையும்: அறிகுறியை வைத்துக் கோளாறு கண்டுபிடிப்பது

அறை மூலையில் நிறுத்தி, விரிந்த குழல் (ஹார்ன்) வழியாக ஒலியைப் பெருக்குகிற பெரிய மூலை ஹார்ன் ஸ்பீக்கர் வாங்கலாமா என்று யாரைக் கேட்டாலும் "அதுக்கெல்லாம் ஹால் மாதிரி ரூம் வேணும்" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார்கள். பாதிதான் உண்மை. அறை சின்னது என்பது பெரும்பாலும் ஒரு தடையே இல்லை. அகலம் குறைந்து, ரயில் பெட்டி மாதிரி நீளமாக ஓடுகிற அறையில்தான் வம்பு வருகிறது. அந்த வம்பும் நாம் சந்தேகப்படுகிற இடத்திலிருந்து வருவதில்லை. ஸ்பீக்கரை ஒட்டி நிற்கும் பக்கச்சுவரைத்தான் எல்லோரும் திட்டுவார்கள், குற்றவாளி எதிர்ப்பக்கச் சுவராக இருக்கும். கணக்கைப் பிறகு சொல்கிறேன்.

பேச்சுக்கு ஒரு அறையை வைத்துக்கொள்வோம்: 3 மீட்டர் அகலம், 6 மீட்டர் நீளம், கூரை 2.7 மீட்டர். ஸ்பீக்கர் என்று நான் சொல்வது கிளிப்ஷ்ஹார்ன் வகையை. பால் கிளிப்ஷ் அமெரிக்காவின் ஆர்கன்சாவில் ஹோப் என்ற ஊரில் 1946-ல் தொடங்கிய கம்பெனி இன்றைக்கும் அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. உள்ளே 15 அங்குல வூஃபர் (பேஸ் எனும் தாழ்ந்த ஒலியை எழுப்பும் பகுதி), அதற்கு முன்னால் மடித்து மடித்து வைத்த பேஸ் ஹார்ன். அந்த ஹார்னின் கடைசிப் பகுதி பெட்டிக்குள் கிடையாது, உங்கள் வீட்டு மூலையின் இரண்டு சுவரும் தரையும்தான் அது. ஸ்பீக்கரில் பாதியை உங்கள் கொத்தனார் கட்டியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது மனதில் இருந்தால் கீழே வரும் பாதிக் கோளாறுகளுக்குக் காரணம் தானாகவே பிடிபடும்.

"இன்னும் வாங்கவில்லை, அறையில் அடங்குமா என்றே தெரியவில்லை"

பெட்டியின் அகலம் ஏறக்குறைய 80 செ.மீ., மூலையிலிருந்து முன்முகம் வரை 70 செ.மீ.க்குச் சற்று மேல், உயரம் 1.3 மீட்டர். ஒவ்வொன்றும் 75 கிலோவுக்குக் குறையாது. அட்டைப்பெட்டிகளைப் பிரித்து அதே அளவில் இரண்டு வெட்டி மூலையில் நிறுத்திப் பாருங்கள், நிறுத்திவிட்டு ஒரு வாரம் அந்த அறையில் நடமாடுங்கள். கண்ணுக்குப் பழகுகிறதா, கதவு திறக்கிறதா, துடைப்பம் போகிறதா என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். பெட்டி அடங்கினால் மட்டும் போதாது. அதன் இரண்டு பக்கத்திலிருந்தும் பேஸ் சுவரோரமாக வெளியே வருகிறது, அதனால் மூலையிலிருந்து இரு பக்கமும் ஒரு மீட்டருக்கு மேலாவது சுவர் வெறுமையாக இருக்க வேண்டும். அலமாரி, ரேடியேட்டர், தரை வரை இறங்கும் ஜன்னல் எதுவும் அங்கே கூடாது.

அப்புறம், இப்போது உங்களிடம் எந்த ஸ்பீக்கர் இருந்தாலும் சரி, 40 ஹெர்ட்ஸ் அளவுக்காவது இறங்கும் என்றால் அதைத் தூக்கி அதே மூலையில் தரையில் வைத்து, 30-லிருந்து 120 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஸ்வீப் (இடைவிடாமல் ஏறிக்கொண்டே போகும் சோதனை ஒலி) ஒன்றை ஓடவிடுங்கள். நீங்கள் உட்காரும் இடத்தில் எந்த இடத்தில் வீங்குகிறது, எங்கே காணாமல் போகிறது என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குறைகள் அறையுடையவை. பெரிய ஹார்ன் வந்தாலும் அதே அதிர்வெண்களில் அதே குறைகள்தான் வரும், இன்னும் பலமாக வரும். பணம் கொடுக்கும் முன் செய்யக்கூடிய பரிசோதனைகளில் இதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

"மூலையில்தான் வைத்தேன், ஆனால் பேஸே இல்லை"

முதலில் இதைச் செய்யுங்கள். ஒரே குரல், ஒரே பேஸ் கிட்டார் உள்ள மோனோ (இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி) பாட்டு ஒன்றைப் போட்டு நடு இருக்கையில் உட்காருங்கள். பேஸ் வற்றிக் கிடக்கிறதா? அப்படியே எழுந்து பக்கச்சுவரில் காதை வைக்கிற அளவுக்கு ஒதுங்கிப் போங்கள். அங்கே பேஸ் திடீரென்று கொட்டினால் ஸ்பீக்கரில் கோளாறு இல்லை, ஒரு பக்கத்து வயர் பிளஸ் மைனஸ் மாறிப் போயிருக்கிறது. இரண்டு மூலையும் எதிரெதிராகத் தள்ளி இழுக்கும்போது சரியாக நடுக்கோட்டில் ஒன்றை ஒன்று அடித்துவிடும், சுவரோரத்தில் மட்டும் மிஞ்சும். அகலமான அறையில் இதை மோப்பம் பிடிக்கச் சற்று நேரமாகும், ஒடுக்கமான அறையில் இரண்டு எட்டு வைத்தால் தெரிந்துவிடும். ஒடுக்கத்தினால் கிடைக்கிற அபூர்வமான நன்மை இது, அனுபவியுங்கள்.

வயர் சரி என்றால் மூலையைப் பாருங்கள். பழைய பதிப்புகளில் பெட்டியின் பின்புறம் திறந்திருக்கும், பின் ஓரங்கள் சுவரோடு இறுக ஒட்டினால்தான் ஹார்ன் முழுமையாகும். ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து அந்த ஓரத்துக்கும் சுவருக்கும் நடுவே மேலிருந்து கீழாக இழுத்துப் பாருங்கள். கார்டு தடையில்லாமல் ஓடினால் அங்கே இடைவெளி. நான் ஒருமுறை மூன்று வாரம் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) மாற்றி, கேபிள் மாற்றி, மனிதர்களோடு சண்டை போட்டு, கடைசியில் தரையோரம் சுவரில் ஓடுகிற ஸ்கர்ட்டிங் பலகை ஒன்றரை செ.மீ. தடிமன் என்று கண்டுபிடித்தேன். அது பெட்டியை முன்னால் தள்ளி வைத்திருந்தது, அதற்கு மேலே முழு உயரத்துக்கும் விரல் நுழைகிற சந்து. கதவுச் சட்டத்தில் ஒட்டுகிற ஃபோம் பட்டையை இரண்டு அடுக்காக ஒட்டினேன். 40 ஹெர்ட்ஸ் டோன் ஓடும்போது அந்தச் சந்துக்குப் பக்கத்தில் பிடித்திருந்த டிஷ்யூ தாள் அதுவரை படபடத்துக்கொண்டிருந்தது, ஃபோம் ஒட்டியதும் அடங்கியது. தாளைப் பார்த்த பிறகுதான் காதுக்கே நம்பிக்கை வந்தது. அண்மைய பதிப்புகளில் பின்புறத்தை முழுக்க மூடிவிட்டார்கள், அதனால் சுவரோடு ஒட்டவேண்டிய கெடுபிடி குறைந்திருக்கிறது. மூலை வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை.

மூன்றாவது, சுவர் எதனால் ஆனது? செங்கல், கான்கிரீட் என்றால் கவலை இல்லை. மெல்லிய ஜிப்சம் பலகைத் தடுப்பு என்றால் அது பேஸோடு சேர்ந்து தானும் ஆடி, ஆற்றலில் ஒரு பங்கைத் தின்றுவிடும். கையால் தட்டினால் மத்தளம் மாதிரி சத்தம் வருகிறதா பாருங்கள். ஒரு மூலை செங்கல், மற்றது ஜிப்சம் என்று கலந்திருந்தால் இடது வலது பேஸ் சமமாக இருக்காது.

நாலாவது நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடம். அது அடுத்த அறிகுறியோடு சேர்ந்தது.

"ஒரே ஒரு சுரம் மட்டும் கும்மென்று எழும்புகிறது"

மூலை என்பது அறையின் எல்லா ஒத்ததிர்வுகளையும் ஒரே நேரத்தில் தட்டி எழுப்புகிற இடம். எந்தச் சுவருக்கிடையே எந்த அலை நின்றாலும் மூலையில் அழுத்தம் உச்சத்தில்தான் இருக்கும். ஒலியின் வேகம் விநாடிக்கு 343 மீட்டர், அதைச் சுவர்களுக்கிடையே உள்ள தூரத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் முதல் அதிர்வெண் கிடைக்கும். நம் அறையில் அகலத்துக்கு 57 ஹெர்ட்ஸ். நீளத்துக்கு 28.6, அதன் இரட்டிப்பு 57. பார்த்தீர்களா, நீளம் அகலத்தைப் போல் சரியாக இரண்டு மடங்காக இருப்பதால் இரண்டும் ஒரே இடத்தில் வந்து உட்காருகின்றன. கூரையும் 3 மீட்டராக இருந்திருந்தால் மூன்றாவதும் அங்கேயே வந்திருக்கும், அப்படிப்பட்ட அறை கிடைத்தால் வேறு அறை பாருங்கள். நம்முடையது 2.7 என்பதால் கூரையின் அதிர்வெண் 64-க்குத் தள்ளிப் போயிருக்கிறது, பக்கத்து வீடுதான் என்றாலும் ஒரே வீடு இல்லை.

இரண்டு ஸ்பீக்கரும் ஒரே பேஸை வாசிக்கும்போது அகலத்தின் 57 தானாகவே அடங்கிவிடும், நீளத்தின் 57 அடங்காது. சிறிய சுவரின் இரு மூலைகளில் ஸ்பீக்கர், முன்சுவரிலிருந்து 3.5 மீட்டரில் நாற்காலி என்றால், அந்த 57-ன் உச்சத்துக்கு வெகு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். நாற்காலியை 70 செ.மீ. பின்னால் தள்ளி 4.2 மீட்டருக்குக் கொண்டுபோனால் அது மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கும், கூடவே 28.6-ன் பலமும் கொஞ்சம் கிடைக்கும். ஸ்பீக்கரை நகர்த்த முடியாது, அது மூலைக்குப் பிறந்தது. நகர்த்தக்கூடியது நாற்காலி ஒன்றுதான். ஆகவே ஸ்வீப்பை ஓடவிட்டுப் பத்துப் பத்து செ.மீ.யாக நாற்காலியைத் தள்ளிப் பாருங்கள், வெட்கப்படாதீர்கள். பின்சுவரோடு தலையை ஒட்டிக்கொண்டு மட்டும் உட்காராதீர்கள், அங்கே எல்லா நீள அதிர்வும் உச்சம்.

பேஸ் ட்ராப் (பேஸை உறிஞ்சும் அடுக்கு) வைக்கலாமே என்பீர்கள். வைக்கலாம், ஆனால் அறையின் நான்கு மூலைகளில் நல்ல இரண்டை ஸ்பீக்கரே எடுத்துக்கொண்டுவிட்டது, மிச்சம் பின் மூலைகள்தான். 57 ஹெர்ட்ஸின் அலைநீளம் 6 மீட்டர். பத்து செ.மீ. ஃபோம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. கூரை வரை அடுக்கிய ராக்வூல் (பாறை இழைப் பஞ்சு) அடுக்கு ஏதோ செய்யும். மிச்சத்துக்கு ஈக்வலைசர் (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கருவி). வீங்கிய இடத்தைக் குறையுங்கள். காணாமல் போன இடத்தை ஏற்றாதீர்கள், அங்கே எவ்வளவு கொட்டினாலும் அறை அதையும் அதே மாதிரி அடித்துவிடும்.

ஒரே சுரத்தில் ஏதோ கிர்ர் என்று அதிர்ந்தால் அது வேறு கதை, ஜன்னல் கண்ணாடி, கதவுத் தாழ்ப்பாள், புத்தக அலமாரிக் கதவு என்று ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பாருங்கள்.

"குரல் பெரிதாகி, மங்கி, சில நேரம் கத்துகிறது"

ஒடுக்கமான அறையில் மிக அதிகமாகக் கேட்கும் புகார் இதுதான், பெரும்பாலும் தவறான இடத்தில் மருந்து போடப்படுவதும் இதற்குத்தான். ஸ்பீக்கர் பக்கச்சுவரை ஒட்டி நிற்பதால் அந்தச் சுவரில் எதையாவது ஒட்டுவார்கள். மூலை ஸ்பீக்கர் 45 டிகிரி உள்நோக்கித் திரும்பி நிற்கிறது. பக்கவாட்டில் மிட்ரேஞ்ச் (குரல் வரும் நடுத்தர ஒலி) ஹார்ன் ஏறக்குறைய 90 டிகிரிக்குத்தான் ஒலியைப் பரப்பும், ஒட்டிய சுவர் அந்த விரிவின் விளிம்பில் கிடக்கிறது. பிரதிபலிப்பு அங்கே குறைவு.

இப்போது இடது ஸ்பீக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஹார்ன் வாய் இரண்டு சுவரிலிருந்தும் அரை மீட்டர் தள்ளி இருக்கிறது. நீங்கள் நடுவில், முன்சுவரிலிருந்து 3.5 மீட்டரில். நேராக வரும் ஒலிக்கு 3.16 மீட்டர் தூரம், அது ஹார்னின் நேர்க்கோட்டிலிருந்து 27 டிகிரி விலகிக் கிளம்புகிறது. வலது சுவரில் பட்டு வரும் ஒலிக்கு 5 மீட்டர், அது நேர்க்கோட்டிலிருந்து வெறும் 8 டிகிரி விலகல். அதாவது உங்கள் காதுக்கு ஓரப் பார்வை, எதிர்ச்சுவருக்கு நேருக்கு நேர். தூரத்தால் அது இழப்பது 4 டெசிபெல், நேர்க்கோட்டில் கிளம்புவதால் அதிலும் கொஞ்சத்தை மீட்டுக்கொள்கிறது. 5 மில்லி விநாடி பிந்தி, ஏறக்குறைய அதே பலத்தில், எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு பாடகர் பாடுகிறார். குரல் மங்காமல் என்ன செய்யும்? அகலம் 5 மீட்டராக இருந்தால் இந்தப் பிரதிபலிப்பு இன்னும் நெடுந்தூரம் சுற்றி, பலம் குறைந்து, நேரம் தள்ளி வரும். ஒடுக்கத்தின் உண்மையான விலை இதுதான்.

மருந்து லேசானது. கண்ணாடி ஒன்றை எடுத்துக்கொண்டு உதவிக்கு ஒருவரை வலது சுவரோரம் நடக்கச் சொல்லுங்கள், நாற்காலியிலிருந்து அதில் இடது ஸ்பீக்கர் தெரிகிற இடத்தில் பென்சிலால் குறி வையுங்கள். நம் அறையில் முன்சுவரிலிருந்து 2.4 மீட்டர் வாக்கில் வரும். அந்த இடத்தில் பத்து செ.மீ. தடிமன் ராக்வூல் பலகை, ஒரு மீட்டர் அகலமாவது, காது உயரத்தை நடுவில் வைத்து. எதிர்ப்பக்கமும் அப்படியே. மிட்ரேஞ்ச் 400 ஹெர்ட்ஸ் வாக்கில் தொடங்குவதால் மெல்லிய திரை, சுவர்க் கம்பளம் எல்லாம் போதாது, அவை உச்சஸ்தாயியை மட்டும் தின்றுவிட்டுக் குரலின் உடம்பை அப்படியே விட்டுவிடும், கேட்க இன்னும் மோசமாகிவிடும். பலகையை ஒட்டுவதற்கு முன் தடிமனான மெத்தை ஒன்றை அந்த இடத்தில் சாய்த்துவைத்து ஒரு பாட்டு கேளுங்கள். குரல் நடுவில் வந்து நின்றால் ஆணி அடிக்கலாம்.

மெத்தை வைத்தும் கத்தல் குறையவில்லை என்றால் இரண்டு சந்தேகம். ஒன்று, ரொம்பக் கிட்ட உட்கார்ந்திருக்கிறீர்கள். பேஸ் தரையோரமிருந்தும் மிட்ரேஞ்சும் ட்வீட்டரும் (உச்சஸ்தாயி ஒலிக்கானது) ஒரு மீட்டருக்கு மேலிருந்தும் வருகின்றன, அவை ஒன்றாகக் கலக்க 3 மீட்டராவது வேண்டும் என்பது என் அனுபவம். இரண்டு, பழைய ஜோடி வாங்கியிருந்தால் கிராஸ்ஓவர் (பேஸ், மிட்ரேஞ்ச், ட்வீட்டருக்கு ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் சர்க்யூட்) கெபாசிட்டர்கள் வயதாகியிருக்கும். அதை அளந்து பார்த்து மாற்றுங்கள், அறையைக் குறை சொல்வதற்கு முன்.

"இசை முழுக்க ஒரு சின்ன ஜன்னலுக்குள்ளிருந்து வருகிறது"

இரண்டு ஹார்ன் வாய்களுக்கும் நடுவே நம் அறையில் 2 மீட்டர்தான். 3.5 மீட்டரில் உட்கார்ந்தால் அவை 37 டிகிரிக்கு விரிகின்றன, பேஸுக்காக 4.2-க்குப் போனால் 30 தான். ஸ்டீரியோவுக்கு வழக்கமாகச் சொல்வது 60. ஆக, பேஸ் பின்னால் இழுக்கிறது, மேடை அகலம் (இசை விரிந்து கேட்கும் அகலம்) முன்னால் இழுக்கிறது. நான் பேஸ் பக்கம்தான் சாய்வேன். குறுகிய மேடைக்குப் பத்து நாளில் காது பழகிவிடுகிறது, வீங்கிய சுரத்துக்குப் பத்து வருடமானாலும் பழகாது. ஒரு ஆறுதல்: இரண்டு நேர்க்கோடுகளும் உங்களுக்கு முன்னாலேயே குறுக்கே வெட்டிக்கொள்வதால், நீங்கள் இடது பக்கம் நகரும்போது இடது ஸ்பீக்கர் கிட்ட வந்தாலும் அதன் நேர்க்கோட்டிலிருந்து விலகுகிறீர்கள், வலது தூரமானாலும் அதன் நேர்க்கோட்டுக்குள் வருகிறீர்கள். பாடகர் அவ்வளவு சீக்கிரம் இடம் மாறமாட்டார். சோபாவில் இரண்டு பேர் சண்டையில்லாமல் கேட்கலாம்.

நீளச்சுவரில் வைத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். கிளிப்ஷே நீளச்சுவருக்குத்தான் ஆதரவு. ஆனால் நம் அறையில் ஸ்பீக்கர்களுக்கிடையே 5 மீட்டர் வரும், எதிரே 3 மீட்டர் ஆழம்தான், தலை பின்சுவரை முட்டும், விரிவு 90 டிகிரியைத் தாண்டும், நடுவில் பெரிய பள்ளம். அந்தப் பள்ளத்தை அடைக்கத்தான் அவர் இரண்டு சேனலையும் கூட்டி நடுவில் மூன்றாவது ஸ்பீக்கர் வைக்கச் சொன்னார், 1957-ல் வந்த ஹெரெசி என்ற அவருடைய சின்ன ஸ்பீக்கர் பிறந்ததே அந்த நடு இடத்துக்காக. அகலம் 4 மீட்டர் இருந்தால் இதை முயன்று பார்ப்பேன். 3-ல் மாட்டேன்.

"ஒரு மூலை ஜோர், மற்ற மூலையில் கதவு"

ஒடுக்கமான அறைகளில் கதவு எப்போதும் மூலையில்தான் வைப்பார்கள், ஏன் என்று தெரியவில்லை. கதவைச் சாத்தி வைத்து, அது கனமான மரக்கதவாக இருந்தால், கேட்கும் நேரம் வரை அதுவே சுவர். உள்ளே வெற்றிடம் உள்ள லேசான கதவு என்றால் பேஸ் அந்தப் பக்கம் போய்விடும். போலி மூலை கட்டலாம்: கனமான ப்ளைவுட் பலகை, பின்னால் சட்டம் கொடுத்து ஆடாமல், பெட்டியின் ஓரத்தோடு ஒட்டி ஒரு மீட்டருக்கு மேல் முன்னால் நீளும்படி. வேலை செய்யும். ஆனால் அது ஏற்கெனவே குறுகலான அறையில் இன்னும் இடத்தைத் தின்னும். சுவரே இல்லாமல் அந்தப் பக்கம் வேறு அறைக்குத் திறந்திருந்தால் முயற்சியை விட்டுவிடுங்கள்.

"பாட்டு நின்றதும் உஸ் என்று கேட்கிறது"

கோளாறு இல்லை. ஒரு வாட்டுக்கு 105 டெசிபெல் தருகிற ஸ்பீக்கர் உங்கள் ஆம்பின் இரைச்சலையும் அதே தாராளத்தோடு தரும், நீங்களும் கிட்ட உட்கார்ந்திருக்கிறீர்கள். கெயின் (பெருக்கும் அளவு) குறைந்த ஆம்ப், அல்லது ப்ரீஆம்புக்கும் பவர் ஆம்புக்கும் நடுவே 10 டெசிபெல் அட்டென்யுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் சாதனம்). வால்யூம் குமிழ் கொஞ்சம் மேலே ஏறும், இடது வலது சமமும் சரியாகும்.

"எல்லாம் செய்தாகிவிட்டது, இன்னும் திருப்தி இல்லை"

அகலம் 3 மீட்டருக்குக் கீழே போனாலோ, இரண்டு நல்ல மூலை கிடைக்காவிட்டாலோ, நாற்காலியை எங்கே தள்ளினாலும் ஸ்வீப் கேட்கச் சகிக்காவிட்டாலோ நான் இந்த ஜாதி ஸ்பீக்கரை வாங்கமாட்டேன். 3 முதல் 3.6 வரை என்றால் எதிர்ச்சுவரில் ராக்வூலுக்கு வீட்டில் சம்மதம் வாங்கிவிட்டுத்தான் அடுத்த பேச்சு. ஹார்னின் துடிப்பு வேண்டும், மூலை வேண்டாம் என்றால் அதே கம்பெனியின் லா ஸ்காலா உண்டு, அதற்கு மூலை கட்டாயமில்லை, ஆனால் பேஸ் அவ்வளவு ஆழம் இறங்காது, பிற்பாடு சப்வூஃபர் தேடுவீர்கள். அவர்களுடைய இன்னொரு மாடலான கார்ன்வால் மூலையிலும் நிற்கும், சுவரோரமும் நிற்கும். அதை முன்னும் பின்னும் நகர்த்தலாம், திருப்பலாம். ஒடுக்கமான அறையில் அந்த ஒரு வசதிக்காகவே அதை முதலில் கேட்டுப் பாருங்கள், அதே ஸ்வீப்பையும் அதே மெத்தையையும் வைத்து.